மனோர் பார்க் வீட்டில் ஒரு நேட்டால் களா

போன சனிக்கிழமை மிளகாய்க் கன்றுக்கு மண் வாங்கவென்று குட்மேய்ஸில் இருக்கும் செடிக்கடைக்குப் போயிருந்தேன். வாசலைத் தாண்டியதும் அந்த வாசம் வந்தது. மல்லிகையும் இல்லை, தோடம்பூவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற, பின்னேரமானால் கனத்துப்போகிற வாசம். பார்க்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. கீழ்த்தட்டில் ஒரு சாண் உயரச் செடி, ஐந்து இதழ் வெள்ளைப் பூக்களோடு சின்னச் சட்டியில் இருந்தது. குனிந்து தண்டைத் தொட்டேன். முள் இல்லை. கணுவுக்குக் கணு தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. கல்லாவில் நின்ற பெண் கிட்ட வந்து, இது முள் வராத வகை, வீட்டுக்குள் வைப்பதற்கென்றே உண்டாக்கியது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நல்லது என்று தலையாட்டினேன். மண்ணையும் வாங்காமல் வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்து அழுதேன். நீர் போய் ஒன்பது வருடமாகிறது. இனி ஆட்கள் பார்க்கிற இடத்தில் அழமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை நீர் உயிரோடு இருந்தாலும் வாசித்திருக்க மாட்டீர். உம்முடைய தமிழ் அம்மாவின் வாயிலிருந்து காதால் பொறுக்கிய தமிழ். எழுத்து உமக்குத் தெரியாது. நான்தான் குசினி மேசையில் இருந்து வாசித்துக் காட்டியிருப்பேன். அப்படி நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

லண்டனில், மனோர் பார்க்கில் இருந்த உம்முடைய வீட்டுக்கு நான் முதன்முதல் வந்தது எண்பத்தைந்து மார்கழியில். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தாவரவியல் படிப்பித்தவள், நாற்பது வயதில் அகதியாக ஒரு பெட்டியோடு வந்து நிற்கிறேன். மேல்மாடியில் அறை இருக்கிறது என்று கோயிலில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "தமிழ் ஆள்தான். ஆனா எங்கட ஆள் இல்லை, ஆபிரிக்கா" என்றார்கள். நீர் கதவைத் திறந்து முன்னறைக்குள் கூப்பிட்டீர். இரண்டடி வைத்திருப்பேன், இரவல் கோட்டின் கையை ஏதோ பிடித்து இழுத்தது. திரும்பினால், ஜன்னலை அடைத்துக்கொண்டு என்னிலும் உயரமாக ஒரு செடி. மொத்தமான, எண்ணெய் பூசியதுபோல மினுங்குகிற இலைகள். ஒவ்வொரு கணுவிலும் கவண்போல இரண்டாகப் பிரிந்த பச்சை முள்.

"இழுக்காத. இழுத்தா கிழியும். நான் எடுக்கறேன்" என்றீர்.

குளிர், பயம், விமான நிலையத்தில் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் பிறகு அந்த மாதத்தில் என்னோடு தமிழில் அன்பாகப் பேசிய முதல் வாய் உம்முடையது. நீர் முள்ளை விலக்கிக்கொண்டிருக்க, நான் உடைந்த இலைக்காம்பைப் பார்த்தேன். பால் கசிந்தது.

"இது களா இனம்" என்றேன். "அலரி, பட்டிப்பூ எல்லாம் இந்தக் குடும்பந்தான். எங்கட பக்கத்துப் பற்றைகளில நிக்கிறதுக்கு இது சொந்தம். ஆனா இவ்வளவு பெரிய இலை இல்லை. முள்ளும் இப்படிப் பிரியாது. நீர் இதை எங்கே எடுத்தனீர்?"

நீர் சிரித்தீர். "நீர்னா தண்ணி இல்லையா?"

அது எங்கள் ஊரில் சமவயது ஆட்களை மரியாதையாகவும் நெருக்கமாகவும் கூப்பிடுவது என்று விளக்கினேன். பிறகு பேசிப் பார்த்ததில் இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். "அப்போ என்னை அப்படியே கூப்பிடு. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றீர். கடைசிவரை நீர் எனக்கு நீராகவும், நான் உமக்கு நீயாகவும் இருந்தோம்.

செடியின் கதையை நீர் ஒரே தடவையில் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரங்களில், துண்டு துண்டாகச் சொன்னீர். உம்முடைய முப்பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக நேட்டால் மாகாணத்து டர்பனுக்குப் போனவர். நீர் அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. நிறம் பார்த்து ஆளைப் பிரிக்கிற சட்டங்களுக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தீர் என்று பிடித்தார்கள். ஒன்றில் சிறை, இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போய்விடு, திரும்பி வரக்கூடாது என்றார்கள். இருபது வயதில் கையெழுத்து வைத்துவிட்டுக் கப்பல் ஏறினீர். துறைமுகத்தில் அம்மா ஒரு கடதாசிப் பை நிறையச் சிவப்புப் பழம் தந்தார். வீட்டுக்குக் கீழே, கடற்கரை மணல்மேட்டில் காடாகக் கிடக்கிற செடியின் பழம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுது, விதைகளைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்தீர். லண்டனில் முதல் அறையின் ஜன்னலில் நட்டதில் ஒன்று மட்டும் தப்பியது. வாடகை வீடு மாறும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போனீர்.

"அங்க இது எப்படி நிக்கும்?" என்று கேட்டேன்.

"நிக்காது. படுத்துக் கிடக்கும். கடல் காத்து அடிச்சு அடிச்சு, தலையை வெட்டிவிட்ட மாதிரி. ஆளு உள்ள போக முடியாது. குருவிங்க மட்டும் போகும். பாம்பு வராதுன்னு உள்ளதான் கூடு கட்டும். மணல் ஓடிப்போகாம இதுதான் பிடிச்சு வைக்கும்." பிறகு, "பழத்துல உப்பு இருக்கும். கடல் தண்ணி தெறிச்சு, தோல் மேல. முதல்ல உப்பு, அப்புறம் புளிப்பு, அப்புறம்தான் இனிப்பு" என்றீர்.

மனோர் பார்க்கில் உம்முடைய செடி வெளிச்சம் தேடி மெலிந்து நீண்டு வளர்ந்திருந்தது. பூத்தது. ஆனால் இருபது வருடத்தில் ஒரு காய் பிடிக்கவில்லை.

எண்பத்தேழு ஐப்பசியில் என் அப்பா இறந்தார். யாழ்ப்பாணத்தில் சண்டை, ரெலிபோன் இல்லை. செத்த வீடு முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் ரெலிபோன் எடுத்துச் சொன்னார். நான் மாடிப்படியிலேயே இருந்துவிட்டேன். நீர் பக்கத்துப் படியில் வந்து இருந்தீர். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றின் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அல்லவா உமக்கு வேலை, உம்முடைய குரலைக் கேட்டு நோயாளிகளின் வீட்டார் அரைவாசி ஆறிவிடுவார்கள் என்று உம்மோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். எனக்கு நீர் அந்தக் குரலில் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க அப்பாவும் இப்படித்தான். தந்தி வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு" என்று மட்டும் சொன்னீர். பின்னேரம் ரசமும் சோறும் கொண்டுவந்து, "அழு. ஆனா சாப்பிட்டுட்டு அழு" என்றீர். இதைவிட உண்மையான வார்த்தையை அந்தத் துக்கத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கவுன்சில் பூங்காவின் கண்ணாடி வீட்டில் வேலை கிடைத்தது. பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுகிற, சட்டி கழுவுகிற வேலைதான். ஆனால் இலைகளுக்கு நடுவில் நிற்பது எனக்கு மூச்சு வந்ததுபோல இருந்தது. சூடான பகுதியின் மூலையில், பேர்ப்பலகை விழுந்துபோய், ஒருவரும் கவனிக்காத முட்செடி ஒன்று நின்றது. கவண் முள், மினுங்கும் இலை, பால். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னேன். "உம்முடைய செடிக்கு லண்டனில ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்த இனத்தில் பூக்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சில செடியில் மகரந்தம் உண்டு, சில செடியில் மகரந்தக்கூடு வெறுமையாக இருக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். கையில் பிடிக்கும் வில்லையால் உம்முடைய செடியின் பூவைப் பிரித்துப் பார்த்தேன். சின்னச் சின்னச் சூம்பிய கூடுகள். உள்ளே தூள் ஒன்றும் இல்லை.

"இது பெண்" என்றேன்.

நீர் செடியைப் பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர். "இருபது வருஷமா நான் உரம் போட்டேன், திட்டினேன். பாவம், அது தனியா என்ன செய்யும்" என்றீர்.

கண்ணாடி வீட்டுச் செடியின் பூவில் மகரந்தம் இருந்தது; அதைக் கொண்டுவந்து இதில் தொட்டுவைப்பதென்று முடிவெடுத்தோம். முதல் வருடம் சரிவரவில்லை. கண்ணாடி வீட்டுச் செடி பூக்கும்போது உம்முடையது பூக்கவில்லை. உம்முடையது பூத்தபோது அது ஓய்ந்திருந்தது. அடுத்த வருடமும் அப்படியே. நாங்கள் அவசரப்படவில்லை. எங்களுக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறு மாசியில் ஒரு பின்னேரம் உம்முடைய ஊர்ச் செய்தி ரி.வி.யில் வந்தது. தடைகள் போகின்றன, சிறையில் இருந்தவர்கள் வெளியே வருகிறார்கள், நாடுகடந்தவர்கள் திரும்பலாம். நீர் கரண்டியைப் பிடித்தபடி முன்னறையின் நடுவில் நின்றீர். சந்தோசப்படுவீர் என்று பார்த்தேன். நீர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டீர். "அம்மாவுக்கு எண்பது வயசு. இன்னும் இருக்காங்க. என்னைப் பாத்தா அடையாளம் தெரியுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர். அடுத்த கிழமையே டர்பனில் இருந்த உம்முடைய தங்கையோடு ரெலிபோனில் பேசி, மார்கழியில் வருவதாகச் சொன்னீர். என்னையும் வரச்சொன்னீர். "உன் கண்ணால அந்த மணல்மேட்டைப் பாக்கணும். நீ புத்தகத்துல படிச்சதெல்லாம் சரியான்னு எனக்குச் சொல்லணும்."

வைகாசியில் இரண்டு செடிகளும் ஒன்றாகப் பூத்தன. மேலாளரிடம் கேட்டு, கண்ணாடி வீட்டுச் செடியின் பூக்கள் கொஞ்சத்தைப் பிஸ்கட் ரின்னில் ஈரத்துணி போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். உம்முடைய ஊரில் இருட்டியபின் வருகிற விட்டில்கள் நீண்ட நாக்கை விட்டுத் தேன் குடிக்கும்போது மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோகிற இந்த வேலையைச் செய்யும் என்று சொன்னேன்.

"அப்போ நாம ரெண்டு பேரும் பூச்சியா?"

"ஓம். வயசுபோன பூச்சி."

மெல்லிய தூரிகையை நீர்தான் பிடித்தீர். என் விரல்கள் முள்ளை விலக்கின. ஒவ்வொரு பூவாகத் தொட்டு, ஏதோ சின்னப்பிள்ளையின் வாய் துடைப்பதுபோலச் செய்தீர். அன்றைக்கு உம்முடைய குரல் கரகரத்தது. வெறும் தடிமன், சளி என்றீர். நானும் தடிமன் என்றுதான் நினைத்தேன்.

பூக்கள் கொட்டின. ஒன்று மட்டும் கொட்டாமல் நின்று, அடியில் பச்சையாகத் தடித்தது. அது காய்தான் என்று நான் உறுதியாகச் சொன்ன கிழமையில்தான் உமக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியிலும் உறுதியாகச் சொன்னார்கள்.

அந்தக் கோடையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கதிர் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். திரும்பி வந்ததும் நீர் முதலில் போய்ப் பார்ப்பது காயைத்தான். அது வளர்ந்தது, உம்முடைய குரல் தேய்ந்தது. ஆயிரம் பேருக்கு வழிசொன்ன குரல் மூச்சாகச் சுருங்கி, ஆவணியில் நான் காதை உம்முடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது. டர்பனிலிருந்து தங்கை எடுத்தால் நான்தான் பேசினேன். அம்மா ரெலிபோனை வாங்கி, "ஏன் அவ பேச மாட்டேங்கறா, கோபமா?" என்று கேட்டார். நீர் என் பக்கத்தில் இருந்து தலையசைத்துச் சொல்லாதே என்றீர். "தொண்டை கட்டியிருக்குது அம்மா" என்றேன்.

விழுங்க ஏலாமல் போய், குழாயால் சாப்பாடு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் காய் நிறம் மாறியது. ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, பிறகு முழுக்கக் கடும் சிவப்பு. இந்தச் செடியில் பழுத்த பழத்தைத் தவிர மற்றதெல்லாம் நஞ்சு, அதனால் நன்றாகப் பழுக்கவிட வேண்டும் என்று காத்திருந்தேன். தொட்டபோது மெத்தென்று கையோடு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உம்முடைய கையில் வைத்தேன்.

நீர் நெடுநேரம் மணந்தீர். கன்னத்தில் வைத்துப் பார்த்தீர். உதட்டில் வைத்தீர். பிறகு என்னிடம் நீட்டினீர்.

"நீ சாப்பிடு."

"என்னால ஏலாது."

"சாப்பிடு. எப்படி இருக்குன்னு சொல்லு." மூச்சு வாங்கிவிட்டு, "உப்புப் போட்டு" என்றீர்.

பக்கத்துக் கட்டிலின் சாப்பாட்டுத் தட்டில் கடதாசிப் பொட்டலத்தில் உப்பு இருந்தது. கேட்டு வாங்கித் தோலில் தூவிக் கடித்தேன். நீர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர். கண்ணீர் எது, உப்பு எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னேன். முதலில் உப்பு. பிறகு புளிப்பு, பல் கூசாத புளிப்பு. சதை சிவப்பு, நடுவில் வெள்ளைப் பால் புள்ளி புள்ளியாக, உதட்டில் பிசுபிசுக்கிறது. இப்போது இனிக்கிறது. மெதுவாகத்தான் இனிக்கிறது.

"கடைசில ஒரு கசப்பு?" என்றீர்.

இருந்தது. நான் சொல்லாமல் விட்டிருந்தேன். "ஓம், கொஞ்சம்" என்றேன்.

"ஆமா, அதேதான்" என்று கண்ணை மூடினீர். உம்முடைய முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகு பார்க்கக் கிடைக்கவும் இல்லை. பதினைந்து நாளில் நீர் போய்விட்டீர். மார்கழிக்கு எடுத்த ரிக்கெற் மேசை லாச்சிக்குள் இருந்தது.

விதைகளைக் கண்ணாடி வீட்டில் நட்டேன். முளைத்தன. அடுத்த மாசியில் பனி கொட்டியபோது ஹீற்றர் நின்றுபோய், விடிய வந்து பார்க்கையில் எல்லாம் கறுத்துக் கிடந்தன. வீட்டை விற்கவேண்டி வந்ததால் உம்முடைய பெரிய செடியையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்திருந்தேன். அது அடியிலிருந்து மெல்லத் துளிர்த்தது. ஆனால் பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று கவுன்சில் அந்தக் கண்ணாடி வீட்டையே இடித்தது. செடிகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆசையாகச் செய்த எதுவும் மிஞ்சவில்லை. இதை உமக்குச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு காலமும் வாய் வரவில்லை.

உம்முடைய சாம்பலை என் அறையில் வைத்திருந்தேன். எனக்குப் பயணப் பத்திரம் கிடைத்து, டர்பனுக்குப் போக முடிந்தது தொண்ணூற்றைந்தில்தான். உம்முடைய தங்கை விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கவில்லை, கைப்பையைத்தான் வாங்கிக்கொண்டா. உள்ளே நீர் இருக்கிறீர் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது.

மணல்மேட்டுக்குப் போனோம். நீர் சொன்னபடிதான். கடற்காற்றுச் சீவிவிட்டு, பற்றை முழுக்க ஒரே சரிவாக, கடலுக்குப் பக்கத்தில் முழங்கால் அளவும் உள்ளே போகப்போகத் தலைக்கு மேலுமாக ஏறிக்கொண்டு போனது. இலையில் உப்புப் படிந்திருந்தது. பூவும் பழமும் ஒரே கொப்பில். உள்ளேயிருந்து குருவிகளின் சத்தம் கேட்டது; ஒன்றையும் காணவில்லை. புத்தகத்தில் நான் படித்தது எல்லாம் சரி. ஆனால் அந்தப் பச்சையை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. மனோர் பார்க்கில் நின்றது இந்தச் செடி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதைச் சொல்ல நான் பக்கத்தில் திரும்பினேன். தங்கைதான் நின்றா.

சாம்பலைக் கடலில் விட்டு வந்து முற்றத்தில் கால் கழுவும்போது அம்மா என்னைக் கூப்பிட்டார். கண் மங்கலாகிவிட்டது, காது நன்றாகக் கேட்டது.

"கடைசியா என்ன சாப்பிட்டா?"

தங்கை என்னைப் பார்த்தா. எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "சாப்பிட ஏலாமல் போட்டுது, அம்மா. நான் பழம் சாப்பிட்டன். அவ பார்த்துக்கொண்டிருந்தவ. ருசியைச் சொல்லச் சொல்லிக் கேட்டவ."

அம்மா சுவரைப் பிடித்து எழும்பி, தானே அடுப்படிக்குப் போய், தட்டில் சோறு போட்டுக்கொண்டுவந்தார். "அப்போ நீ சாப்பிடு" என்றார். நான் சாப்பிட்டு முடியும்வரை எதிரில் இருந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் அங்கே எடுத்துப் பேசினேன். அம்மா காத்திருப்பார். லண்டனில் குளிரா, சாப்பிட்டாயா, வேறு ஒன்றும் கேட்கமாட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் தங்கை எடுத்தா. "அம்மா போயிட்டாங்க. நீங்க வர முடியுமா? வர்ற வரைக்கும் வச்சிருக்கோம்" என்றா. யாழ்ப்பாணத்தில் என் சொந்தத் தகப்பனுக்கு ஒருவரும் அப்படி வைத்திருக்கவில்லை. வைத்திருக்க ஏலவும் இல்லை. நான் அடுத்த நாள் விமானம் ஏறினேன்.

வீடு நிறையச் சனம். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலோரம், பின்னுக்கு நின்றேன். இரத்த உறவு இல்லாத ஆள் நிற்கவேண்டிய இடம் அதுதானே. வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. முதலில் பிள்ளைகள் வரட்டும் என்றார் சடங்கு செய்விக்கிற பெரியவர். தங்கை போட்டா. பிறகு அவர் தலையை நிமிர்த்தி, "மூத்த பொண்ணு ஒண்ணு லண்டன்ல இருந்துச்சே, அது வந்திருக்கா?" என்று கேட்டார். அவருக்கு விசயம் தெரியாது.

தங்கை சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தா.

"வந்திருக்காங்க" என்றா.

நான் போனேன். நனைந்த அரிசியை அள்ளி, உமக்காக, உம்முடைய அம்மாவின் வாயில் போட்டேன்.